தீபாவளியன்று ஒரு வேலை

கடத்தூரில் மொரப்பூர் ரோடு திரும்புகிற இடத்தில் தீர்த்தகிரி அண்ணனின் மாவு மில் இருக்கிறது. எதிர்ச்சாரியில் என் மருந்துக்கடை. காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் மிஷினை ஓட்டத் தொடங்கியிருப்பார். ராகிக்கு ஒரு மிஷின், அரிசிக்கு ஒன்று, சற்றுத் தள்ளி மிளகாய்க்கு ஒன்று. மூன்றும் சேர்ந்து ஓடினால் என் அலமாரியில் டானிக் பாட்டில்கள் கிணுகிணுக்கும். புருவத்திலும் காது முடியிலும் மாவு படிந்து ஐம்பது வயதிலேயே கிழவர் மாதிரி தெரிவார். சாயங்காலம் குளித்துவிட்டு வந்தால்தான் ஆள் யாரென்று அடையாளம் தெரியும். அதிகம் பேசுகிறவர் இல்லை. மிஷின் சத்தத்திலேயே இருக்கிறவர்கள் கத்திப் பேசிப் பழகிவிடுவார்கள். இவரோ கையைக் காட்டியே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளப் பழகியிருந்தார்.

அவருக்கும் கோவிந்தம்மாள் அக்காவுக்கும் ஒரே மகள், ஐஸ்வர்யா. தர்மபுரியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் வைகாசியில் காய்ச்சல் என்று என் கடைக்குத்தான் முதலில் மாத்திரைக்கு வந்தாள். "நாளைக்கும் இருந்தா டாக்டர்கிட்டப் போயிடு பாப்பா" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளே கூட்டிக்கொண்டு போனார்கள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். தர்மபுரியில் சேர்த்து, அங்கிருந்து சேலம் கொண்டுபோய், அந்த வாரம் முடிவதற்குள் வெள்ளைத் துணி சுற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். டாக்டர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. பெற்றவர்களும் தாமதிக்கவில்லை. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியாமல் போயிற்று அவர்களுக்கு.

மில் கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. பிறகு திறந்தார். மத்தியான நேரங்களில் வந்து சல்லடை பிடித்துக்கொண்டிருந்த அக்கா மட்டும் அதற்கப்புறம் மில் பக்கம் வரவே இல்லை.

ஐப்பசி பிறந்தது. தீபாவளிக்கு முன்னால்தான் மாவு மில்லில் வேலை நெரிக்கும். பச்சரிசியும் பொட்டுக்கடலையும் தூக்கிக்கொண்டு ஊர்ப்பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த வருஷமும் நின்றார்கள். ஆனால் வழக்கமான சிரிப்பும் சண்டையும் இல்லை. "என்ன மாவு?" என்று அவர் கையால் கேட்டால், "முறுக்குக்குங்கண்ணா" என்று ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரைக்கும் பலகாரம் சுடுவதில்லை, நல்ல நாள் கொண்டாடுவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊர் முறுக்குக்கெல்லாம் அவர்தான் மாவரைத்துக் கொடுத்தார்.

அப்படி ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது அக்கா களியை உருட்டி வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாராம்.

"தீபாவளியன்னிக்கு என்னய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிடுங்க."

"எங்க புள்ள? ஒங்க அண்ணன் வூட்டுக்கா?"

"சொந்தக்காரங்க வூடு வேண்டாம். என்னயப் பாத்து அழுவாங்க. இல்லன்னா அழாம இருக்கப் பாடுபடுவாங்க. வேலை இருக்கற எடமாப் பாருங்க. நாலு பேருக்கு ஆக்கிப் போடறதோ, பாத்திரம் வெளக்கறதோ, எதுவா இருந்தாலும் சரி. அன்னிக்குக் கை சும்மா இருந்தா நான் என்ன ஆவன்னு எனக்கே தெரியல."

தீபாவளி விடியற்காலையில் மகளை மணையில் உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் தேய்ப்பது அக்காவின் வேலை. காலேஜ் போன பிறகும் அந்தப் பெண் சீயக்காய் கண்ணில் பட்டதென்று கத்துவாள். எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். அந்த நேரம் எப்படியும் வரும், எப்படியும் தெருவில் முதல் வெடி வெடிக்கும், அப்போது அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்பதுதான் அக்காவின் பயம். அண்ணன் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. "பாக்கறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

முதலில் மொரப்பூர் போகிற வழியில் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனார். ஜெயபிரியா என்ற அம்மா அதைப் பார்த்துக்கொள்கிறார். நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வந்த விஷயத்தைக் கேட்டார்.

"தீபாவளிக்கு நானும் என் வூட்டுக்காரம்மாவும் வந்து எதுனா வேலை செய்யறோங்க. சமைக்கறதுனாலும் சரி."

"அன்னிக்கு மூணு வேளைச் சாப்பாடும் வெளியில இருந்து வந்துடுங்கண்ணா. போன தீபாவளி அன்னிக்கே சொல்லி வெச்சுட்டுப் போயிட்டாங்க."

"அப்போ பரிமாறறோம்."

"குடுக்கறவங்க குடும்பத்தோட வருவாங்க. அவங்க கையால பரிமாறணும்னு ஆசைப்படுவாங்க. போட்டோ எல்லாம் எடுப்பாங்க."

"பாத்திரம் வெளக்கறோங்க."

ஜெயபிரியாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "அன்னிக்குப் பேப்பர் தட்டுங்கண்ணா" என்றார். பிறகு கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து சொன்னார். "அன்னிக்கு ஆளுங்க அதிகமாயி எங்களுக்கே நிக்க எடம் இருக்காது. காலையில ஸ்வீட்டு, மத்தியானம் ஸ்வீட்டு, ராத்திரி ஸ்வீட்டு. பாதிப் பேருக்குச் சக்கரை வியாதி. மறுநாள் ஒரு ஈ காக்கா வராது. நீங்க சாதாரண நாள்ல வாங்கண்ணா. கார்த்திகையில ஒரு செவ்வாக்கெழம, பொதங்கெழம வாங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடறன்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அங்கிருக்கும் கிழவர்களுக்கு எது வேண்டுமோ அதைத்தான் சொன்னார். "எங்களுக்கு அந்த நாளுதாங்க வேணும்" என்று அண்ணன் சொல்ல நினைத்தாராம். சொன்னால் ஏனென்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். எழுந்து வந்துவிட்டார்.

அடுத்து கோயிலில் அன்னதானம் நடத்துகிற தங்கராஜைப் பிடித்தார். தங்கராஜ் நெடுநாள் பழக்கம், வயதில் சின்னவர். கோயில் வாசலுக்குக்கூட வர மாட்டோம், பின்னால் கொட்டகையில் காய் மட்டும் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று கேட்டார். தங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டு செருப்பால் மண்ணைத் தேய்த்தார்.

"தப்பா எடுத்துக்காதண்ணா. நான் எதுவும் பாக்க மாட்டன். ஊர்ல நாலு பேரு கேப்பாங்க. சாமி காரியம். வருஷம் திரும்பட்டும்."

"தெரியும்டா. தெரிஞ்சேதான் கேட்டன்" என்றார் அண்ணன்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டார். நான் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். அங்கேயும் அன்றைக்கு ஒரு சங்கத்துக்காரர்கள் பிரியாணி கொடுப்பதாக ஏற்பாடாகியிருந்தது. "வருஷம் பூரா பசிக்குது, அந்த ஒரு நாள் மட்டும் ஊருக்கே வயிறு நெறஞ்சு போவுது பாரு" என்றார் அண்ணன். அன்றைக்கு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

கடைசியில் வழி கிடைத்தது மில்லிலேயே. எங்கள் தெரு அருண்குமார் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அரிசி கொடுக்க வந்தவன், தீபாவளியன்று நண்பர்களோடு சித்தேரி மலை ஊர்களுக்குப் போய்ச் சேலையும் இனிப்பும் கொடுக்கப்போவதாகச் சொன்னான். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடி எல்லாவற்றையும் கட்டி, வேன் பிடித்து மலை ஏறுகிறார்கள். அண்ணன் மிஷினை நிறுத்தினார். தீபாவளிக் கூட்டம் நிற்கும்போது மிஷினை நிறுத்துகிற ஆள் இல்லை அவர்.

"நாங்களும் வரலாமா தம்பி?"

"தாராளமா வாங்கண்ணா! கை எவ்ளோ இருந்தாலும் பத்தாது. டீசர்ட்டு சைஸ் மட்டும் சொல்லுங்க."

அன்று மாலை அக்கா பீரோவைத் திறந்து எந்தச் சேலை கட்டுவதென்று பார்த்தாராம். மகள் போன பிறகு பீரோவைத் திறந்தது அன்றுதான் என்று அண்ணன் என்னிடம் சொன்னார். நடக்கும், எல்லாம் மெதுவாகச் சரியாகும் என்ற நம்பிக்கை அன்றைக்கு எனக்கும் வந்தது.

தீபாவளியன்று இருட்டிலேயே இருவரும் டிவிஎஸ்ஸில் கிளம்பினார்கள். வழியில் ஊருக்கு ஊர் வெடிச்சத்தம். பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை முந்தானையோடு சேர்த்துக் காதில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். வாசல்களில் எண்ணெய்த் தலையோடு பிள்ளைகள் நின்றன. அண்ணன் எவ்வளவு வேகமாக ஓட்ட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓட்டினார்.

மண்டபத்துக்குள் ஜமக்காளத்தில் லட்டும் முறுக்கும் மிக்சரும் மலையாகக் குவிந்திருந்தன. எடுத்துக் கவரில் போட்டு வாயைக் கட்ட வேண்டும். காலேஜ் பெண்கள் சிலர் உட்கார்ந்து தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அக்கா நடுவில் உட்கார்ந்ததும் வேலை பறந்தது. ஒரு பெண் கட்டுவதைப் பார்த்து, "அப்புடி இறுக்கினா முறுக்கு நொறுங்கிடும் கண்ணு, காத்து இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண் என்னவோ திருப்பிச் சொல்ல, அக்கா சிரித்தார். சேலைக் கட்டு சுமந்துகொண்டிருந்த அண்ணன் அப்படியே நின்று பார்த்தாராம். "பாத்துட்டன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேண்டியதில்ல, அப்புடியே பொழுது போயிட்டாப் போதும்னு நெனச்சன்" என்றார்.

இனிப்பெல்லாம் கொடுத்தது அந்த ஊர் அம்மா ஒருவர். எல்லாம் எப்படி நடக்கிறதென்று பார்க்க வந்தார். அவருக்குக் கடத்தூரில் சொந்தம். அக்காவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அருண்குமாரைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டுப் பேசினார். அவன் திரும்பி வரும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணா… அக்காவ அந்தப் பக்கம் சேலை அடுக்கச் சொல்லலாங்களா?"

அண்ணன் ஒன்றும் சொல்வதற்குள் அந்த அம்மா அங்கிருந்தே, "சேலையும் புதுத் துணிதானப்பா" என்றார். கோபமாக இல்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார்.

அருண்குமார் வாசலில் நின்ற வேனைப் பார்த்தான். "அப்போ… வேன்ல கொஞ்சம் உக்காந்திருக்கட்டுங்களா, கெளம்பற வரைக்கும்?"

அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அக்கா கையிலிருந்த கவரை முடிச்சுப் போட்டு முடித்தார். விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்திருக்க வேண்டாம். பார்த்துவிட்டார். அவர் கட்டிய கவர்களை அந்தப் பெண்கள் தனியாகப் பொறுக்கி எடுத்து ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவருக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் கொடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

"திரும்பிப் போயிடலாமா புள்ள?" என்று வேனில் கேட்டார் அண்ணன்.

"வேண்டாங்க. மேலயே போலாம். வூட்டுக்கு மட்டும் வேண்டாம்."

வேன் அரூர் பக்கமாகச் சுற்றி மலை ஏறியது. முந்தின நாள் மழையில் பாறையெல்லாம் கறுத்து, ஓரமெல்லாம் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டுகளில் பையன்களும் பெண்களும் பாட்டுப் பாடினார்கள். பின் சீட்டில் இவர்கள் இரண்டு பேர். காலடியில் அந்தச் சாக்கு.

மேலே பள்ளிக்கூட மைதானத்தில் மலைக்காரர்கள் சாமைக்காட்டு வேலையை விட்டுவிட்டு வந்து காத்திருந்தார்கள். அவர்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கொடுக்கும்போது ஒரு படம், வாங்கிய பிறகு ஒரு படம். அண்ணன் மூட்டைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். டீசர்ட்டை அவர் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா வேனை விட்டு இறங்கவில்லை.

எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். தூரத்துக் கொல்லைக்காட்டிலிருந்து வந்திருப்பாள் போல. மைதானத்தில் வெறும் அட்டைப் பெட்டிகள் கிடந்தன. ஜன்னலில் அக்காவைப் பார்த்துவிட்டு வேனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

அக்காவின் கை சாக்குக்குப் போனது. ஒரு கவரை எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே நீட்டப்போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நான் சாவு வூட்டுக்காரி தாயி. எம்பொண்ணு போயி இன்னும் வருஷம் திரும்பல. இது நான் கட்டினது. வாங்கிக்கறயா?"

அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தாள், கவரைப் பார்த்தாள். "பச்சப் புள்ள வெச்சிருக்கங்க…" என்றாள். அக்காவின் கையை வேனுக்குள்ளேயே மெதுவாகத் தள்ளிவிட்டு, குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "நீ எதுக்குப் புள்ள சொன்ன? சொல்லாம குடுத்திருந்தா அவளுக்கு என்ன தெரியும்?"

"தெரியாமக் குடுக்கறதா? நானா இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டங்க" என்றார் அக்கா. "நம்ம பாப்பா கைக்கொழந்தையா இருந்தப்ப நான் வாங்கியிருப்பனா?"

கீழே இறங்குவதற்கு முன் அருண்குமார் வேன் பக்கத்தில் வந்து நின்றான். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல், "அக்கா, மன்னிச்சுக்கங்கக்கா" என்றான். "நீ என்ன பண்ணுவ சாமி" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார் அக்கா. "காலையில இருந்து ஓடிக்கிட்டே இருக்கற. சாப்புட்டயா?"

மண்டபத்தில் வண்டியை எடுத்தபோது பொழுது இன்னும் பாக்கி இருந்தது. வீட்டுக்குப் போகிற ரோட்டில் திரும்பப்போனவரை அக்கா தோளில் தட்டி நிறுத்தினார். எங்கே போவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பண்டிகை நாள், கூட்டமில்லை. ஜோலார்பேட்டை பக்கமிருந்து ஒரு ரயில் வந்து நின்று போனது. சேலம் பக்கமிருந்து ஒன்று நிற்காமலே போனது. அவர் வாங்கி வந்த டீயை அக்கா கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆறிப்போனது.

"ஊர்ல இவ்ளோ பேரு இல்லாதவங்க இருக்காங்கன்னு சொல்றாங்க. ஒருத்தருக்குக்கூட நாம வேண்டாம், பாத்தீங்களா" என்றார்.

அங்கேதான், அந்தப் பெஞ்சில்தான், அக்கா அழுதார். சாவு வீட்டில் மற்றவர்கள் அழும்போது மரம் மாதிரி உட்கார்ந்திருந்தவர் அன்றைக்குச் சத்தம் போட்டு அழுதார். அவ்வப்போது கடந்து போன சரக்கு ரயில்களின் சத்தத்தில் அது அமுங்கிப் போனது. விளக்கு வைக்கிற நேரம் தாண்டித்தான் வீடு வந்து சேர்ந்தார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, ஜெயபிரியாவிடமிருந்து போன் வந்தது. சமையல்காரம்மா வரவில்லை, உதவிக்கு ஒருவரும் இல்லை, வர முடியுமா என்று கேட்டார். அண்ணன் வீட்டுக்கு ஓடினார்.

"வரயா புள்ள? கூப்புடறாங்க."

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க" என்றார். "எனக்கு அந்த ஒரு நாளத்தான் தாண்ட வேண்டியிருந்துச்சு. மத்த நாளெல்லாம் எப்புடியோ போவுது."

அவர் எவ்வளவு சொல்லியும் வரவில்லை. அன்றைக்குத் தனியாகப் போனார். கொஞ்ச நாளில் மில் விடுமுறை நாட்களில் போவதே வழக்கமாகிவிட்டது. வெங்காயம் உரிப்பார், அண்டா கழுவுவார், நடக்க முடியாதவர்களைக் குளிக்க வைப்பார், நகம் வெட்டிவிடுவார். அவர் போகிற நாளில் அங்கே வேறு ஒருவரும் வருவதில்லை. ஜெயபிரியா சொன்னது சரியாகத்தான் இருந்தது. வைகாசியில் வருஷமும் திரும்பியது. அக்கா இப்போது தெருவில் இறங்குகிறார், ரேஷன் கடைக்குப் போகிறார். என் கடைக்கு வந்தால் தலைவலி மாத்திரை வாங்குவார். இல்லத்துக்கு மட்டும் இன்னும் போகவில்லை.

போன வாரம் அண்ணன் அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தார். கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். என்ன வேண்டுமென்று கேட்டேன். ஒன்றும் வேண்டாமென்று கையைக் காட்டினார்.

அங்கே ஒரு பெரியவர், கண் சரியாகத் தெரியாதவர், நகம் வெட்டிக்கொள்ளும்போது பேச்சுக் கொடுத்தாராம். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்.

"ஒரு பொண்ணுங்க."

"என்ன பண்ணுது?"

"காலேஜ் படிக்குதுங்க."

"அப்புடியா? நல்லாப் படிக்குமா?"

"நல்லாப் படிக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாராம்.

"ஏன் அப்புடிச் சொன்னன்னு தெரியலப்பா" என்றார் என்னிடம். "சொல்லும்போது நல்லா இருந்துச்சு."

அக்காவிடம் சொன்னாரா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு மில்லைப் பார்த்து ரோட்டைக் கடந்தார்.